‘மறுகா?’ என்று அம்மன் கேட்டபோது

எதையும் தொடங்கி வைப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு கை மட்டும் தைத்த சட்டை ஒன்று பதினோரு வருடமாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பின்வளவில் மூன்று பக்கம் மட்டும் அடைத்த கோழிக்கூடு நிற்கிறது (கோழிகள் நாலாவது பக்கத்தால் வந்து பார்த்துவிட்டு, அதே பக்கத்தால் போய்விட்டன). இருபத்தொரு வயதில் இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்த சங்கீதப் படிப்பும் இந்த வரிசையில்தான் சேரும்.

ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு, "அப்ப நாட்டு நிலைமை அப்பிடி" என்று பதில் சொல்லிப் பழகிவிட்டேன். அதில் பொய் இல்லை. ஆனால் முழுக்க உண்மையும் இல்லை. செய்முறைப் பரீட்சைக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு கலியாணம் பேசி வந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். (என் வீட்டுக்காரர் இதைப் படித்தால் படிக்கட்டும். அவருக்கும் தெரிந்த கதைதான்.)

பிறகு ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக நியமனம் கிடைத்து, இருபத்திரண்டு வருடம் படிப்பித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துச் சங்கீத ஆசிரியை மாற்றலாகிப் போனபோது அதிபர் என்னைக் கூப்பிட்டார். "காலைக்கூட்டத்தில நீங்கதானே தேவாரம் படிக்கிறீங்க டீச்சர், சங்கீதத்தையும் ஒருக்காப் பாருங்க" என்றார். மூன்று வருடம் ‘பார்த்தேன்’. மட்டக்களப்பில் மீனும் பாடும் என்று சொல்வார்கள் அல்லவா, நான் அந்த மீனுக்கு நெருங்கிய உறவுக்காரி என்ற நினைப்பில்தான் இருந்தேன். ஒருநாள் அதிபர் திரும்பவும் கூப்பிட்டு, தகைமை உள்ளவர் இல்லாவிட்டால் சங்கீதத்தை நேரசூசியிலிருந்து எடுத்துவிட வேண்டி வரும் என்றார். எனக்கு வந்த ரோசத்தில், நகரில் ஒரு கல்லூரியில் வார இறுதிகளில் நடக்கும் இசைக் கல்வி டிப்ளோமாவுக்கு அன்றைக்கே விண்ணப்பம் போட்டேன். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் கல்லடியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசாத மனுஷன்.

"எத்தின வருஷம்?" என்றார்.

"ரெண்டு."

"சனி ஞாயிறோ?"

"ஓம்."

"அப்ப சோறு?"

"நீங்கதான்."

கொஞ்ச நேரம் கையிலிருந்த கிறீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "முடிப்பியா?" என்றார்.

"முடிக்காம என்ன?"

"கோழிக்கூட்டுக்கும் இப்பிடித்தான் சொன்ன" என்றுவிட்டு எழுந்து போனார்.

கல்லூரிக்குப் போன முதல் நாளே மானம் போனது. வகுப்புக்குள் நுழைந்ததும் இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுப் பிள்ளைகள் முழுப்பேரும் விரிவுரையாளர் வந்துவிட்டார் என்று எழுந்து நின்றார்கள். நானும் பழக்கதோஷத்தில், "இருங்க பிள்ளைகள்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கடைசி வாங்கில் போய் அவர்களோடு உட்காரப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உண்மையான விரிவுரையாளர் பத்து நிமிடம் கழித்து வந்தார். நிரோஷன். முப்பது சொச்சம் வயது. நான் நியமனம் கிடைத்துப் போன முதல் வருடத்தில் மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். ஏழாம் வாய்ப்பாடு வராமல் மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்ட ஆள். இப்போது தாடி வைத்து, தோளில் பையைக் கொழுவிக்கொண்டு, "கற்பித்தலின் படிமுறைகள்" என்று வெண்பலகையில் எழுதினார். அவர் என்னை டீச்சர் என்றார், நான் அவரைச் சேர் என்றேன். இரண்டு பேருக்கும் வாய் கூசியது. இது எனக்கு எப்படியும் உதவும் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதுவும் பிழைத்தது. பழைய டீச்சருக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, மற்றவர்களுக்கு ஒரு கோடு போட்டால் எனக்கு மூன்று கோடு போட்டார்.

அதிகம் கோடு விழுந்தது என் பாடக்குறிப்பில்தான். இருபத்திரண்டு வருடம் படிப்பித்தவளுக்குப் பாடக்குறிப்பு எழுதக் காட்டித்தரப் போகிறார்களோ என்ற எண்ணம் எனக்கு. பாடத் தொடக்கத்துக்கு ஒன்றரைப் பக்கம் எழுதுவேன். ‘பாட முடிவு’ என்ற கட்டம் வரும்போது கை உளைந்துவிடும். ஒருமுறை அந்தக் கட்டத்தில், "மணி அடிக்கும்" என்று எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையில் திரும்பி வந்தது: "இது முடிவு அல்ல, மணி."

இப்படியே இழுத்துப் பறித்து இரண்டாம் வருடக் கடைசிக்கு வந்துவிட்டேன். மிச்சம் ஒன்றே ஒன்று. இறுதிக் கற்பித்தல் பயிற்சி. தெரியாத பள்ளிக்கூடம், தெரியாத பிள்ளைகள், நாற்பது நிமிடப் பாடம், பின்வாங்கில் மதிப்பீட்டாளர். அதில் தவறினால் வருடம் முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டும். இருபத்தொரு வயதில் விட்ட படிப்பை நாற்பத்தொன்பது வயதிலும் விட்டால் மூன்றாம் தரம் தொடங்க எனக்கு முகம் இருக்காது. அதைவிட, "இன்னொரு வருஷம் எண்டா நான் சோத்துக் கடையில போய் இரிக்கிறன்" என்று வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார்.

எனக்குக் கிடைத்தது படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்குப் பக்கம், வயல்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம். தரம் எட்டு. மதிப்பீட்டாளர் நிரோஷன். தலைப்பு: எமது பிரதேசத்தின் இசை மரபு. கூடப் படிக்கும் சின்னப் பிள்ளைகள், "அன்ரி, போன்ல ஒரு நாட்டார் பாட்டப் போட்டுக் காட்டிட்டு வாங்க" என்றார்கள். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. கண்ணகி அம்மன் கோயில் பாட்டை நேரடியாக உடுக்கோடு பாடிக் காட்டுவது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அநேகமான கோயில்களில் வருடத்துக்கு ஒரு முறை, வைகாசியில்தான் கதவு திறக்கும். அந்த நாட்களில் அம்மனின் கதையைக் காவியமாகப் படிப்பார்கள். உடுக்கு அடித்து அழைப்புப் பாடினால், தெய்வம் ஆடுகிறவர்கள் மேல் அம்மன் வரும். வந்த அம்மன் கோபத்தோடு இருக்கும். அந்தக் கோபத்தைத் தணிப்பதற்குக் கடைசியில் குளிர்த்திப் பாட்டு. அது முடிந்தால் கதவைப் பூட்டிவிடுவார்கள், அடுத்த வைகாசி வரைக்கும் அம்மனைத் தொந்தரவு செய்வதில்லை. இதில் ஒன்றைத் தொடங்கி மற்றதை விட முடியாது என்பது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும்.

உடுக்கு இரவல் வாங்குவதற்கு என் ஒன்றுவிட்ட அண்ணன் தவத்திடம் போனேன். எங்கள் கோயிலில் உடுக்கு அடிப்பவர் அவர்தான்.

"காவியத்தப் படிச்சுக் காட்டுகா, பாதகமில்ல" என்றார். "அழைப்ப மட்டும் வாயில எடுத்துராத. எடுத்தாலும் உடுக்கக் கையில எடுத்துராத."

"பள்ளிக்கூடத்தில ஆருக்கண்ணே உரு வரப் போகுது?"

"ஆருக்கு வருமெண்டு ஆரு கண்டது? உனக்குக் குளுத்தி தெரியுமா?"

"தெரியும் தெரியும்" என்று சொல்லி உடுக்கை வாங்கிக்கொண்டேன்.

தெரியாது. அழைப்பு முழுவதும் தெரியும், ஆறு வயதிலிருந்து கேட்டது. குளிர்த்தியில் எனக்குத் தெரிந்தது முதல் இரண்டு அடி. ஏனென்றால் குளிர்த்தி தொடங்கும்போதே நான் செருப்பைத் தேடிப் போய்விடுவேன். முழுச் சனமும் ஒன்றாகக் கலைந்தால் செருப்பு கிடைக்காது என்ற பயம். இரண்டு அடி முடிவதற்குள் என் செருப்பு காலில் இருக்கும், மூன்றாவது அடியில் நான் தெருவில் நிற்பேன். நாற்பது வைகாசி இப்படித்தான் போனது.

ஆனால் பாடக்குறிப்பில் முடிவு என்ற கட்டம் இருக்கிறதே. நிரோஷன் சேர் திருப்திப்பட வேண்டும் என்று அதில், "மாணவர்களுடன் இணைந்து குளிர்த்திப் பாடலைப் பாடி நிறைவு செய்தல்" என்று அழகாக எழுதினேன். ஆறுதலாகப் படிப்பித்தால் அந்த இடம் வருவதற்குள் மணி அடித்துவிடும் என்பது என் திட்டம். (மணியை நான் முழுதாகக் கைவிட்டிருக்கவில்லை.)

ஐப்பசி மாதம். கோயில் கதவுகள் பூட்டி ஐந்து மாதம். வாவியைக் கடக்கும் பெரிய தட்டைப் படகுக்கு எங்கள் பக்கம் ‘பாதை’ என்று பெயர். சீனிப் பையில் உடுக்கைச் சுற்றிக்கொண்டு, நல்ல சீலை கட்டி, அந்தப் பாதையில் ஏறிப் போனேன். பள்ளிக்கூடத்தில் வகுப்பறைச் சுவர் இடுப்பளவுதான், அதற்கு மேல் கம்பி வலை. வலைக்கு அடுத்த பக்கம் பகல் உணவு சமைக்கும் குசினி. பெரிய பானையில் சோறு கொதித்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் யார், என்ன என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். என் ஊரில் யார் மேல் எந்தத் தெய்வம் வரும் என்று எனக்கு அத்துப்படி, வேற்றூரில் விசாரிக்க வேண்டும் என்ற புத்தி எனக்கு வரவில்லை.

பாடம் தொடங்கியது. முப்பத்தொரு பிள்ளைகள். நிரோஷன் சேர் மதிப்பீட்டுக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்தார். படங்கள் காட்டினேன், காவியத்தில் கொஞ்சம் படித்தேன், கேள்வி கேட்டேன். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. நகரத்திலிருந்து வந்த சேருக்கு முன்னால் கூச்சப்பட்டிருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அவர்கள் சலிப்பில் செத்துக்கொண்டிருப்பதாகப் பட்டது. அந்த நேரம் பார்த்து நிரோஷன் சேர் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவியில் என் ஒரு வருடம் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

சீனிப் பையிலிருந்து உடுக்கை எடுத்தேன்.

"பிள்ளைகள், இப்ப அழைப்பு எப்பிடிப் பாடுறதெண்டு கேக்கப் போறீங்க."

முன்வாங்கில் இருந்த யதுசிகா என்ற பிள்ளை அன்றைக்கு முதல் தடவையாகக் கையை உயர்த்தினாள். "டீச்சர், பக்கத்தில பாக்கியம் மாமி இரிக்கா."

"இரிக்கட்டும் பிள்ள. அவவும் கேக்கட்டும்" என்றேன்.

இந்த ஒரு பதிலுக்காக என்னை எத்தனை தரம் ஏசியிருப்பேன் என்று எண்ணி முடியாது.

அழைப்பைப் பாடத் தொடங்கினேன். என் குரல் அன்றைக்கு உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதுதான் கேடு. இரண்டாவது சுற்றில் குசினியில் பூசணிக்காய் வெட்டும் சத்தம் நின்றது. என் பாட்டில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்துக் குரலை இன்னும் ஏற்றினேன். மூன்றாவது சுற்றில் ஏதோ சட்டி விழுந்தது. பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக எழுந்து கைகூப்பினார்கள். சபையோர் எழுந்து நின்று மரியாதை செய்வதாகத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன், நமக்கும் ஒருநாள் வாய்த்ததே என்று நெஞ்சு நிறைந்தது. திரும்பினேன்.

வாசலில் பாக்கியம் அக்கா நின்றார். கொண்டை அவிழ்ந்து முடி முதுகில் கிடந்தது. கையில் சோறு ஒட்டிய அகப்பை. உடம்பு முழுக்க நடுங்கியது. சிரித்த அந்த முகம் அல்ல, கண் வேறு கண்.

"ஆரு என்னக் கூப்பிட்ட?" குரல் கூரையில் பட்டு வந்தது. "கதவு பூட்டி அஞ்சு மாசம். ஆரு கூப்பிட்ட?"

முப்பத்தொரு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். நிரோஷன் சேரும் என்னைப் பார்த்தார் (ஒரு விரிவுரையாளர் இப்படிக் காட்டிக்கொடுக்கலாமா).

"நான்தான் தாயே" என்றேன்.

"என்ன குறை உனக்கு?"

அம்மனை அழைத்தவர் குறையைச் சொல்ல வேண்டும். அது முறை. பாடக்குறிப்பில் இதற்கு ஒரு கட்டமும் இல்லை. நாட்டில் மழை பெய்ய வேண்டும், பிள்ளை குட்டிகள் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று எதையாவது கௌரவமாகச் சொல்லியிருக்கலாம். என் வாயில் உள்ளதுதான் வந்தது.

"பாஸ் பண்ணணும் தாயே."

அம்மன் பின்வாங்கைத் திரும்பிப் பார்த்தது. நிரோஷன் சேர் எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. கோப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். மூன்றாம் வகுப்பில் பார்த்த அதே ஒளிப்பு.

"இவனா உன்ன அளக்கிறவன்?"

"ஓம் தாயே" என்று அவரே சொன்னார்.

அம்மன் மறுபடி என் பக்கம் வந்தது. அகப்பை என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. "கூப்பிட்ட வாயால குளுத்தியப் படி. நான் போறன்."

படித்தேன். முதல் அடி. இரண்டாவது அடி. பிறகு செருப்பு.

"மறுகா?" என்றது அம்மன்.

எங்கள் பேச்சில் பிறகு என்பதற்கு மறுகா என்போம். நாள் முழுக்கக் காதில் விழும் சொல்தான், அன்றைக்குப்போல் ஒருநாளும் என்னைக் கலக்கியதில்லை. முதல் இரண்டு அடியையும் திரும்பப் படித்தேன், இந்தத் தடவை கொஞ்சம் இழுத்து.

"மறுகா?"

"தெரியா தாயே."

"ஏன் தெரியா?"

பொய் சொல்லும் இடமில்லை அது. "செருப்புத் தேடி வெள்ளனப் போயிருவன் தாயே" என்றேன்.

பின்னாலிருந்து யாரோ ஒரு பிள்ளை மூக்கால் சிரித்தது கேட்டது. அம்மன் சிரிக்கவில்லை. என்னை மேலிருந்து கீழாகப் பார்த்து, "பாதியில போறவள்" என்றது.

கோயிலை மட்டும்தான் சொன்னது. எனக்கு மற்றதெல்லாம் கேட்டது. இரண்டாம் வருடத்தோடு மூடி வைத்த சுருதிப் பெட்டி, பரீட்சைக்குப் பயந்து கட்டிய கலியாணச் சீலை, அலுமாரிச் சட்டை, எல்லாம். வெட்கமும் பயமும் ஒன்றாக வந்து, அந்த வகுப்புக்கு முன்னால், முகத்தை மூடக்கூட நினைவில்லாமல் அழுதேன். உடுக்கு கையில் தொங்கியது.

அப்போதுதான் யதுசிகா பாடத் தொடங்கினாள். மூன்றாவது அடி. அவளோடு இன்னும் இரண்டு பேர், பிறகு வாங்கு வாங்காக முழு வகுப்பும். கேள்விக்கு வாய் திறக்காத பிள்ளைகள் குளிர்த்தியை ஒரு சொல் பிசகாமல் படித்தார்கள். இரண்டு பேர் மேசையில் தாளம் தட்டினார்கள். ஒருத்தி ஓடிப்போய் கேற்றடி வேம்பில் ஒரு கொப்பு முறித்து வந்தாள், இன்னொருத்தி குசினியிலிருந்து மஞ்சள் தண்ணீர் கொண்டு வந்தாள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை, கத்தவில்லை, பதறவில்லை. அதிபர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். நிரோஷன் சேரும் கண்ணை மூடிக்கொண்டு கூடவே படித்தார். ஏழாம் வாய்ப்பாடு வராத பிள்ளைக்குக் குளிர்த்தி முழுவதும் பாடம். அந்த அறையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றவள் சங்கீத ஆசிரியை ஒருத்திதான்.

கடைசி அடி முடிந்தது. நடுக்கம் நின்றது. பாக்கியம் அக்கா நிலத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். முடியை அள்ளிக் கட்டிக்கொண்டு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஐயோ, சோறு" என்றார்.

அடிப்பிடித்த வாசம் அப்போதுதான் எல்லோருக்கும் எட்டியது. குசினிக்கு ஓடினோம். மேல் சோற்றை வழித்து எடுத்துவிட்டுப் பார்த்தால், அடியில் அரைப் பானை கரி. அந்த நேரம் மணி அடித்தது.

பகல் சாப்பாடு அரை மணித்தியாலம் பிந்தியது. புகை மணக்கும் சோற்றைப் பூசணிக்காய்க் கறியோடு முழுப் பள்ளிக்கூடமும் சாப்பிட்டது. ஒரு பிள்ளையும் முறைப்பாடு சொல்லவில்லை. நானும் நிரோஷன் சேரும் அதிபரின் அறையில், ஆளுக்கொரு கதிரையில் இருந்தோம். அவர் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்ததை வாசித்தேன். மாணவர் பங்கேற்பு: மிகச் சிறப்பு. உள்ளூர் வளங்களைப் பயன்படுத்தல்: மிகச் சிறப்பு (பாக்கியம் அக்காவைச் சொல்கிறார் போலும்). வகுப்பறை முகாமைத்துவம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கனநேரம் யோசித்தார். பிறகு அதை விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். பாட முடிவு: மாணவர்கள் முடித்தனர்.

"டீச்சர், உங்களப் பாஸ் பண்ண ஏலா" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"பெயிலாக்கவும் ஏலா. குறிப்பில எழுதினபடி குளுத்தியோடதான் பாடம் முடிஞ்சிரிக்கு. படிச்சது நீங்க இல்ல, அவ்வளவுதான்." படிவத்தை மூடினார். "மூணு கிழமை தாறன். இதே வகுப்பு, இதே பாடம். முழுசாப் படிப்பிச்சிட்டுப் போங்க."

"சேர், வேற வகுப்புத் தந்தா..."

"டீச்சர், ஏழாம் வாய்ப்பாடு சொல்லி முடிக்கும் வரைக்கும் அண்டைக்கு என்ன நீங்க வீட்ட விடல்ல. ஞாபகம் இரிக்கா?"

"இல்லயே சேர்."

"எனக்கு இரிக்கு" என்றார்.

திரும்பி வரும்போது வீட்டில் என்ன சொல்வது என்று பாதையில் ஏறியதிலிருந்து யோசித்தேன். பஸ்ஸில் பாதி தூரம் வந்தபோது, ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். கடை வாசலில் இவர் ஒரு சைக்கிள் சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "அம்மன் சுகமா?" என்று கேட்டார். படுவான்கரையிலிருந்து வாழைக்குலை கொண்டு வந்த ஒருவர் எனக்கு முந்திய பாதையில் சைக்கிளோடு வாவி கடந்து வந்து, காற்றும் அடித்து, கதையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்த மூன்று கிழமையும் என் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்து, பாதையில் வாவி கடந்து போனேன். முதலில் பாக்கியம் அக்காவிடம்தான் கேட்டேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் குளுத்தி தெரியா டீச்சர்" என்றார். "அதப் படிக்கிற நேரம் நான் எங்க நானா இரிக்கன்?" ஆகவே யதுசிகாதான் சொல்லித் தந்தாள். மாலை வகுப்புக்கு நின்ற பிள்ளைகளும் சுற்றி இருந்தார்கள். நான் தடக்குப்பட்டு நிற்கும் இடமெல்லாம் அத்தனை பேரும் ஒரே குரலில், "மறுகா டீச்சர்?" என்பார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சரைக் கேள்வி கேட்கக் கிடைத்தால் விடுவார்களா.

இரண்டாம் முறை பாடத்துக்கு உடுக்கு கொண்டு போகவில்லை. அழைப்பைச் சொல்லால் விளக்கினேன், வாயால் பாடவில்லை. அதிபர் முன்யோசனையோடு பாக்கியம் அக்காவை அந்த நேரத்துக்குச் சந்தைக்கு அனுப்பியிருந்தார். குளிர்த்தியை முதல் அடியிலிருந்து கடைசி அடி வரைக்கும் நானே படித்தேன். பிள்ளைகள் என்னோடு சேர்ந்து படித்தார்கள், எனக்காகப் படிக்கவில்லை. முடிந்த பிறகு மணி அடிக்க இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. அந்த ஒரு நிமிடமும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். என் வாழ்க்கையில் மணிக்கு முதல் ஒரு பாடத்தை முடித்தது அதுதான் முதல் தடவை. நிரோஷன் சேர் படிவத்தில் ஏதோ எழுதிவிட்டு எழுந்து வந்து, "சரி டீச்சர்" என்றார்.

அடுத்த வைகாசிச் சடங்குக்கு எங்கள் கோயிலுக்குப் போனேன். குளிர்த்தி தொடங்கியதும் கால் தன்பாட்டில் வாசல் பக்கம் திரும்பியது. பிடித்து நிறுத்தினேன். கடைசி அடி வரைக்கும் நின்று, சனத்தோடு சேர்ந்து படித்து, கதவு பூட்டுவதைக் கண்ணால் பார்த்தேன். செருப்பு போனது போனதுதான். விடிந்து வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன். இவர் என் காலைப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் "மறுகா?" என்று கேட்கும் மனுஷன் அன்றைக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை, கடைக்குப் போகும்போது புதுச் செருப்புக்கு அளவு எடுத்துக்கொண்டு போனார்.

எதற்கெடுத்தாலும் என்று சொன்னது மிகையில்லை. அந்தச் சொல் எங்கள் வீட்டில் குடிவந்துவிட்டது. பாதி கூட்டி விளக்குமாற்றைச் சாத்தினால், "மறுகா?" சண்டையில் நான் பாதியில் கோபித்துக்கொண்டு அறைக்குள் போனால், வெளியே இருந்து, "மறுகா?" சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் என்னைப் பாடச் சொல்லிக் கேட்பார்கள், நான் தொண்டையைச் செருமும்போதே யாராவது ஒருவர் எழுந்து அடுப்பில் இருக்கும் சோற்றைப் பார்த்துவிட்டு வருவார். தவம் அண்ணன் இப்போது உடுக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்.

சான்றிதழ் வந்த அன்று இவர் அதைத் தன் கையாலேயே சட்டம் போட்டு, சுவரில் ஆணி அடித்துக் கொழுவினார். இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்று, சரிவாக இருக்கிறதா என்று பார்த்தார். முகத்தில் நிம்மதி தெரிந்தது. சனி ஞாயிறு இனித் தன் கைக்கு வேலையில்லை என்ற நிம்மதி.

"முடிச்சிட்டாய்" என்றார். பிறகு பழக்கத்தில், சிரித்துக்கொண்டே, "மறுகா?" என்றார்.

கைப்பையிலிருந்து ஒரு புது விண்ணப்பப் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"மறுகா பட்டப்படிப்பு. மூணு வருஷம். சனி ஞாயிறுதான்."

படிவத்தை முழுவதும் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார். மடித்து என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போனார். சுளகில் அரிசி கொட்டும் சத்தம் கேட்டது.